வேறொருவர் வாயில் அதே பாட்டு

"மூலப் பாடலை மிஞ்சிய கவர் பாடல் என்று ஏதாவது உண்டா? உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏன்?" என்பது கேள்வி.

உண்டு. ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் மறுபடி பாடிப் பதிவுசெய்வதுதான் கவர். நான் சொல்லப்போகிறவை எல்லாம் ஆங்கிலப் பாடல்கள். பல ஆண்டுகளாக மூலத்தையும் கவரையும் அடுத்தடுத்துக் கேட்டு, எது எங்கே பிரிகிறது என்று பார்த்துவந்தது அவற்றில்தான்.

அப்படிக் கேட்கும்போது மெட்டையோ வாத்தியங்களையோ நான் முதலில் கவனிப்பதில்லை. பாட்டில் பேசுவது யார், அவருக்கு என்ன வயது, யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்றுதான் கவனிக்கிறேன். சொற்களும் மெட்டும் அப்படியே இருக்க, இதில் ஒன்று மாறினால் போதும், பாட்டு புதிதாகப் பிறந்துவிடும். எதுவுமே மாறவில்லை என்றால் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அது நகல்தான்.

என் பட்டியலில் முதலிடம் 'ஹர்ட்' பாட்டுக்கு. 1994-இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு வெளியிட்ட 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' என்ற ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. எழுதிப் பாடிய டிரென்ட் ரெஸ்னருக்கு அப்போது 28 வயது. ஆல்பம் முழுக்க இயந்திரங்கள் அலறுகின்றன. இந்தப் பாட்டுக்கு வந்ததும் குரல் கிசுகிசுப்பாக இறங்குகிறது. கிடாரில் ஒன்றோடொன்று ஒட்டாத ஸ்வரங்கள் உரசுகின்றன, பின்னால் ஒரு இரைச்சல் விடாமல் ஓடுகிறது. தனக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஓர் இளைஞனின் பாட்டு. முடிவில் உருக்குலைந்த கிடார் ஒலி இடிபோல விழுகிறது. அதன் எச்சம் நெடுநேரம் இழுத்துக்கொண்டே போய் அடங்குகிறது.

2002-இல் இதை ஜானி கேஷ் பாடினார். எழுபது வயது, உடல் முழுக்க நோய், பார்வையும் மங்கிவந்த நேரம். தயாரிப்பாளர் ரிக் ரூபின்தான் பாட்டை அவரிடம் கொண்டுவந்தார். கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஊறிய, தேவாலயத்துக்குப் போகிற ஒரு பெரியவருக்கும் இந்தப் பாட்டுக்கும் காகிதத்தில் எந்தப் பொருத்தமும் தெரியாது. ஆனால் கேஷ் 1960-களில் போதை மாத்திரைப் பழக்கத்தில் கிடந்து மீண்டவர். ஊசியைப் பற்றி இந்தப் பாட்டில் வரும் வரி அவருக்கு அந்நியமானதல்ல.

ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை இதைக் கேளுங்கள். டிரம்ஸ் கிடையாது. கிடார் தந்தியில் விரல் படுவது கேட்கும். வரியின் கடைசியில் அவருக்கு மூச்சுப் போதாமல் சொல் தேய்வது கேட்கும். பல்லவிக்கு வரும்போது பியானோவில் ஒரே கட்டை அடிமேல் அடியாக விழத் தொடங்குகிறது. இரண்டாம் முறை அது இன்னும் ஓங்கி, ஒலிப்பதிவே தாங்காது என்கிற அளவுக்கு நிறைந்து, சட்டென்று நிற்கிறது. ரெஸ்னர் இரைச்சலைக் கொண்டு காட்டிய சிதைவைக் கேஷ் தன் தொண்டையாலேயே காட்டிவிடுகிறார்.

வரிகளில் அவர் செய்த முக்கியமான மாற்றம் ஒரு சொல். மூலத்தில், தன் தலையில் இருப்பது மலத்தால் ஆன கிரீடம் என்று வரும். கேஷ் அதை முள்முடி என்று ஆக்கினார். அந்த ஒரு சொல்லில் தன்னருவருப்பு விலகி, பாவமும் மன்னிப்பும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. மாற்றாத ஒரு வரிதான் இதையும்விட என்னை உலுக்குவது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கடைசியில் போய்விடுகிறார்கள் என்ற வரி. 28 வயதுக்காரன் பாடும்போது, எல்லாரும் என்னை விட்டு விலகுகிறார்கள் என்ற புகாராக ஒலித்தது. எழுபது வயதுக்காரர் பாடும்போது அதில் புகாரே இல்லை. அவர் சாவு வீடுகளைக் கணக்கெடுத்துச் சொல்கிறார்.

மார்க் ரோமனெக் எடுத்த காணொளியில், மூடிக் கிடந்து பாழடைந்துபோன கேஷின் அருங்காட்சியகம் வருகிறது. மாடிப்படியில் நின்று மனைவி ஜூன் கார்ட்டர் அவரைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இயல்பாக அடுத்த வேலைக்குப் போக என்னால் முடிந்ததில்லை. 2003 மே மாதம் ஜூன் இறந்தார். செப்டம்பரில் கேஷும் போய்விட்டார். காணொளியைப் பார்த்த ரெஸ்னர், இந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்ற பொருளில் பேசியது பலருக்கும் தெரிந்த செய்தி. அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும். ஆனாலும் மூலத்தைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். இருபது வயதுகளில் தூக்கம் வராத ஓர் இரவில் அந்த இரைச்சல் சொல்லும் உண்மையைக் கேஷின் பதிவு சொல்லாது.

இங்கே என் சிறுவயதுச் சம்பவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் காசு சேர்த்துப் பழைய திரைப்பாடல் கேசட் ஒன்று வாங்கினேன். அட்டையில் படத்தின் கதாநாயகன் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து போட்டால் மெட்டு சரி, இடையிசை சரி, குரல் மட்டும் யாருடையதோ. பின்னட்டையில் பொடி எழுத்தில் வேறு பாடகரின் பெயர் இருந்தது. ஏமாற்றத்தில் அழுதே விட்டேன். இப்போது யோசித்தால் அந்தப் பாடகர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாகவே பாடியிருந்தார். ஆனால் இன்னொருவரைப் போலவே பாட வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த வகைப் பாடல்களை இந்தப் பதிலில் நான் சேர்க்கவில்லை.

அடுத்தது 'ரெஸ்பெக்ட்'. அரீதா பிராங்க்ளின் பாட்டு என்றுதான் உலகமே நினைக்கிறது. எழுதி, 1965-இல் முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங். அவர் பாட்டில் பேசுவது உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஆண். காசு கொண்டுவந்து தருகிறேன், நான் இல்லாதபோது நீ என்ன செய்தாலும் சரி, நான் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் மரியாதை கொடு என்கிறான். வேகமான, உற்சாகமான பாட்டு. எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் அவன் கெஞ்சுகிறான்.

அரீதா இதை நியூயார்க்கில் பதிவுசெய்தது 1967 பிப்ரவரி 14 அன்று. பாடுகிறவர் பெண் என்றானதும் பாட்டு தலைகீழானது. இப்போது காசு அவளுடையது. வீட்டுக்கு வருகிறவன் அவன். வாசலில் நின்று கணக்குக் கேட்பவள் அவள். மரியாதை என்ற அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் இடம்தான் இன்று உலகத்துக்கே தெரிந்த இடம். ரெட்டிங்கின் பாட்டில் அது கிடையவே கிடையாது. மரமண்டைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் தட்டித் தட்டிச் சொல்கிறார். பின்னால் சகோதரிகள் எர்மாவும் கரோலினும் சேர்ந்து குரல் கொடுக்கும்போது, ஒருத்தியின் வழக்காக இருந்தது ஒரு கூட்டத்தின் வழக்காகிவிடுகிறது. நடுவில் கிங் கர்ட்டிஸ் வாசிக்கும் சாக்ஸபோன் பகுதியும் மூலத்தில் இல்லாதது. அதற்கான ஸ்வரக்கூட்டுகளை (chords) வேறொரு பாட்டிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டமும் பெண்களின் போராட்டமும் இந்தப் பதிவைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டன. ரெட்டிங்கின் பதிவுக்கு அது நடந்திருக்க வழியில்லை. அவரும் இதை உணர்ந்தே இருந்தார். 1967 ஜூனில் மான்டெரி இசைவிழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு என்று சிரித்தபடி அறிமுகம் செய்துவிட்டு அதைப் பாடினார். அதே ஆண்டு டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

பணக்கணக்கு வேறு மாதிரி. அமெரிக்கச் சட்டப்படி வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவர் தரப்புக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. ஆகவே அரீதாவின் 'ரெஸ்பெக்ட்' அங்கே வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் ரெட்டிங் தரப்புக்குத்தான் போனது. ஒருவர் பதிவுசெய்து வெளியிட்ட பாட்டை, நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவுசெய்யலாம் என்ற ஏற்பாடும் அங்கே 1909-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. எழுதியவரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் மெட்டின் அடிப்படையை மாற்றக் கூடாது. இவ்வளவு கவர் பாடல்கள் அங்கே பிறந்ததற்கு இந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மூலப் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் கட்ட வேண்டும்.

பாடுகிறவர் ஆணா பெண்ணா என்ற மாற்றம் ஒரு பாட்டைக் கெடுத்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 'ஹவுண்ட் டாக்'. எல்விஸ் பிரெஸ்லியின் 1956-ஆம் ஆண்டுப் பதிவைத்தான் பெரும்பாலானோர் கேட்டிருப்பார்கள். ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு இளைஞர்கள் பிக் மாமா தார்ன்டன் என்ற பாடகிக்காகவே எழுதிய பாட்டு இது. அவர் 1952-இல் பதிவுசெய்தார். மறு ஆண்டு வெளியாகி, ரிதம் அண்ட் புளூஸ் என்ற இசைவகையின் தரவரிசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது.

தார்ன்டன் பாட்டில் நாய் என்பது நாயல்ல. வேலைவெட்டி இல்லாமல் வாசலில் வந்து மோப்பம் பிடிக்கும் ஓர் ஆண்பிள்ளை. வாலை ஆட்டிக்கொண்டு நில், இனிமேல் உனக்குச் சோறு கிடையாது என்று ஒரு பெண் அவனை விரட்டுகிறாள். நிதானமான தாளம், உறுமும் குரல், கிடார் அவளோடு ஒட்டிக்கொண்டு வம்பளக்கிறது. கடைசியில் வாத்தியக்காரர்கள் நாய் மாதிரி ஊளையிடுகிறார்கள். எல்விஸ் லாஸ் வேகாஸில் வேறொரு குழு பாடக் கேட்டுத்தான் இதை எடுத்தார். அந்தக் குழு ஏற்கெனவே வரிகளை மாற்றி, முயல் பிடிக்கத் தெரியாத நாய் என்று ஆக்கிவைத்திருந்தது. எல்விஸின் பதிவில் டிரம்ஸ் வெடிக்கிறது, கிடார் பாய்கிறது, கால் தானாக ஆடுகிறது. எல்லாம் சரி. ஆனால் யார் யாரைத் திட்டுகிறார்கள்? ஓர் ஆண் ஒரு நாயைத் திட்டுகிறான் என்றால் எனக்கு அதில் என்ன வந்தது? பாட்டுக்குள் இருந்த அந்தப் பெண்ணைக் காணவில்லை. எல்விஸை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு பாட்டில் நான் முழுக்க தார்ன்டன் பக்கம். அந்தப் பதிவுக்காகத் தனக்குக் கிடைத்தது 500 டாலர் மட்டுமே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பாப் டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பற்றி நான் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, எழுதியவரே சொல்லிவிட்டார். 1967-இல் டிலன் பாடியது இரண்டரை நிமிடம், ஒரு கிடார், ஒரு ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ். கண்ணாடியைத் துடைத்துவைத்ததுபோல வறண்ட, தெளிவான பதிவு. சில மாதங்களில் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை எடுத்துக்கொண்டார். 1968-இல் வெளியானது. பாட்டின் கடைசி வரியில் காற்று ஊளையிடத் தொடங்கியது என்று வரும். டிலன் அதைச் செய்தி சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போகிறார். ஹெண்ட்ரிக்ஸின் பதிவில் அந்தக் காற்று முதல் நொடியிலிருந்தே வீசிக்கொண்டிருக்கிறது, கிடார்தான் காற்று. 1974 முதல் டிலன் மேடைகளில் இதை ஹெண்ட்ரிக்ஸ் வழியிலேயே பாடிவருகிறார். சொந்தப் பாட்டுக்கு அவரே கவர் பாடுவதுபோல.

இனி 'ஹலெலூயா'. இதைப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் முடியாது. நம் கச்சேரி உலகில் பாடாந்தரம் என்றொரு நல்ல சொல் இருக்கிறது. ஒரே கீர்த்தனை ஒவ்வொரு குருவின் வழியிலும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும். இது அவர் பாடாந்தரம், அது இவர் பாடாந்தரம் என்போம். இன்று ஊர் உலகமெல்லாம் பாடும் 'ஹலெலூயா' எழுதியவரின் பாடாந்தரம் அல்ல. பின்னால் அதைப் பாடிய ஜான் கேலின் பாடாந்தரம்.

எழுதியவரான லெனார்ட் கோஹன் இந்தப் பாட்டுக்கு ஆண்டுக்கணக்கில் சரணம் சரணமாக எழுதிக் குவித்தார். 1984-இல் பதிவு செய்தபோது அதிலிருந்து நான்கை எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் இந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை வெளியிட அவருடைய நிறுவனமே மறுத்துவிட்டது. அந்தப் பதிவில் கோஹனின் ஆழமான குரல், பின்னால் கோரஸ், அந்தக் காலத்து சிந்தசைசர் எல்லாம் இருக்கின்றன. முடிவில் அவர் இசையின் இறைவன் முன்னால் போய் நிற்கிறார். எல்லாம் தவறிப்போனாலும் நாவில் ஹலெலூயா ஒன்றுதான் மிச்சம் என்கிறார். அது கடவுளிடம் பேசும் பாட்டு.

1991-இல் கோஹனுக்குக் காணிக்கையாக வந்த ஓர் ஆல்பத்துக்காகக் கேல் பாட முன்வந்து, வரிகளைக் கேட்டார். கோஹன் பதினைந்து பக்கங்களை ஃபாக்ஸில் அனுப்பினார். கேல் முதல் இரண்டு சரணங்களை வைத்துக்கொண்டார், இறைவன் முன்னால் நிற்கும் முடிவைத் தூக்கிவிட்டார். அந்த இடத்தில், ஒரே வீட்டில் வாழ்ந்து பிரிந்த ஒருத்தியைப் பார்த்துப் பேசும் சரணங்கள் வந்தன. இந்த அறையை நான் அறிவேன், உன்னைத் தெரிந்துகொள்ளும் முன் தனியாகத்தான் வாழ்ந்தேன் என்று போகும் சரணம் அப்படி வந்ததுதான். அவர் பாட்டு முடிவது குளிர்ந்து, உடைந்துபோன ஒரு ஹலெலூயாவில். பேச்சு கடவுளிடமிருந்து காதலிக்குத் திரும்பிவிட்டது. துணைக்கு ஒரே ஒரு பியானோ.

ஜெஃப் பக்லி 1994-இல் பாடியது கேலைக் கேட்டுவிட்டுத்தான். சரணங்களும் கேல் எடுத்தவையே. பதிவின் தொடக்கத்தில் அவர் மூச்சை வெளியே விடுவது கேட்கும், பிறகு எலெக்ட்ரிக் கிடாரின் மெல்லிய மீட்டல். மூன்றாண்டு கழித்து முப்பது வயதில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அந்தச் சாவும் இப்போது பாட்டோடு சேர்ந்தே ஒலிக்கிறது. பெரும்பாலானோருக்கு இதுதான் முதலிடம். நான் அவர்களோடு உடன்படவில்லை. பக்லியின் குரல் அழகு, அந்த அழகே சில இடங்களில் சொற்களுக்குமேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கேலின் குரலில் மினுக்கு கிடையாது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொல்கிறார். தோல்வியைச் சொல்ல எனக்கு அந்தக் குரல் போதும். பக்லிக்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான பதிவுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இவ்வளவு பேர் பாடுகிறார்களே என்று கோஹனே ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

கடைசியாக 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. இந்த ஒரு ஜோடியில் என் நண்பர்கள் யாரும் என்னோடு ஒத்துப்போவதில்லை. விட்னி ஹூஸ்டன் 1992-இல் 'தி பாடிகார்ட்' படத்துக்காகப் பாடியது அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. எந்த வாத்தியமும் இல்லாமல் முக்கால் நிமிடம் தனிக்குரலாகத் தொடங்குகிறது. படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்த முக்கால் நிமிடத்துக்கு இணையாகச் சொல்ல என்னிடம் வேறொரு பதிவு இல்லை. பின்பகுதியில் எல்லாம் அடங்கி ஒரு நொடி அமைதி, ஒரே ஒரு டிரம்ஸ் அடி, சுருதி ஒரு படி ஏறுகிறது, குரல் வானத்தைப் பிளக்கிறது. அந்த இடத்தில் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. ஆனாலும் இது விடைபெறும் பாட்டு. விடைபெறுகிறவர் அவ்வளவு ஓங்கிப் பாடினால் போக மனமில்லை என்றுதானே பொருள்?

இதை எழுதி முதலில் பாடியவர் டாலி பார்ட்டன். அவர் எழுதியது காதலனுக்காக அல்ல. ஏழு ஆண்டுகள் தன்னைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடவைத்து வளர்த்த போர்ட்டர் வேகனரை விட்டுத் தனியே போக முடிவெடுத்தார். அவரோ விட மறுத்தார். வாதாடிப் பயனில்லை என்று ஒரு பாட்டு எழுதி, அவர் முன்னாலேயே பாடிக்காட்டினார். வேகனர் அழுதுவிட்டாராம். 1974-இல் அது வெளியாகி கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எல்விஸ் இதைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டபோது டாலி தரமாட்டேன் என்றார். இரவெல்லாம் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அன்று கொடுத்திருந்தால் விட்னி பாடி வந்த வருமானத்தில் பாதி கைநழுவிப் போயிருக்கும்.

டாலியின் பதிவை முழுதாகக் கேளுங்கள், மூன்று நிமிடம்கூட இல்லை. குரலை எங்கேயும் உயர்த்தவில்லை. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலப் பாடுகிறார். மூன்றாவது சரணத்துக்கு வந்ததும் பாடுவதையே நிறுத்திவிடுகிறார். கிடார் தொடர, அந்த வரிகளைப் பேசுகிறார். வாழ்க்கை உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், நீ ஆசைப்பட்டதெல்லாம் கிடைக்கட்டும் என்று, கதவருகே பெட்டியோடு நின்று சொல்லும் குரலில். பிறகு பல்லவி ஒருமுறை வருகிறது, அதே தாழ்ந்த குரலில், பாட்டு முடிந்துவிடுகிறது.